துணைக்குப் போட்ட டெண்டர்

தளவாய் அண்ணாச்சி என்னை ஏமாற்றிவிட்டார் என்று சொன்னால் ஊரில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். அப்படிப்பட்ட முகம் அவருக்கு. நெற்றி நிறையத் திருநீறு, எதிரே வருகிறவர் யாராக இருந்தாலும் "சாப்ட்டாச்சா?" என்று ஒரு விசாரிப்பு. என் கண்ணால் பார்த்திருக்காவிட்டால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

கடலோரத்தில் அலையாத்தி மரம் நட அரசாங்கம் டெண்டர் விடும்போதெல்லாம் அண்ணாச்சிதான் எடுப்பார். பழையகாயல் ஓடையோரம் நாற்று வளர்ப்பது நான். பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் முழங்கால் சேற்றில் நின்று நடுவதும் நான். வேலை முடிந்ததும் நல்லபடியாக முடித்தார் என்று அலுவலகம் ஒரு சான்று கொடுக்கும். அது மட்டும் அவர் பேருக்கு வரும். அந்தச் சான்று இல்லாதவர்கள் டெண்டர் போட்டாலும் வேலை கிடைக்காது. இதை நினைத்து நான் பொருமாத நாள் கிடையாது. வெளியே சொன்னதும் கிடையாது.

இந்த வருடம் பழையகாயல் கழிமுகத்துக்கு வந்த டெண்டரில் ஒரு புது விதி இருந்தது. பெண்கள் நடத்தும் நிறுவனமாக இருந்தால் பழைய சான்று தேவையில்லையாம். அதை வாசித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த ஒரு வேலையை என் பேரில் முடித்துவிட்டால் போதும், சான்று என் பேருக்கு வந்துவிடும். அதன் பிறகு எந்த டெண்டருக்கும் நானே போகலாம், யார் பின்னாலும் நிற்க வேண்டாம். மறைத்துச் செய்ய எனக்குத் தெரியாது. நேராக அண்ணாச்சியிடமே போய்ச் சொன்னேன்.

"ஏளா செல்வி, தாராளமாப் போடு. எத்தன நாளைக்குத்தான் எனக்கே உழைப்ப? நான் துணைக்குப் போடுதேன்" என்றார்.

துணைக்குப் போடுவது எங்கள் தொழிலில் சகஜம். ஒரே ஒருவர் மட்டும் டெண்டர் போட்டால் ரத்து செய்துவிடுவார்களோ என்று பயம். அதனால் வேண்டியவர்கள் இரண்டு பேர் கூடுதல் தொகை காட்டிச் சும்மா ஒரு டெண்டர் போட்டு வைப்பார்கள். சட்டப்படி தப்புதான். கல்யாண வீட்டில் மொய் எழுதுவதுபோல எல்லாரும் செய்துகொண்டிருந்தோம். இப்போது எல்லாம் ஆன்லைன். கையெழுத்துக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரில் செருக ஆளுக்கொரு டோங்கிள் உண்டு. அண்ணாச்சிக்குத் துணைக்குப் போடுவதற்காக என் டோங்கிளும் பாஸ்வேர்டும் வருடக்கணக்காக அவர் மேசையில்தான் கிடந்தன. இந்தத் தடவை அவர் அதைத் திருப்பிக் கொடுத்துத் தன்னுடையதையும் என் கையில் வைத்து, "எனக்குள்ளதையும் நீயே ஏத்திரு, நான் என்னத்தப் பாக்கப் போறேன்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூறுகெட்டவள்.

என் தொகையை அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டே கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அவர் டோங்கிளைச் செருகி, அதைவிடக் கூடுதலாக அவருடையதையும் ஏற்றினேன். மூன்றாவதாக அவருடைய மைத்துனர் போட்டார். அலையாத்தி விதை அதன் காலத்தில்தான் விழும், டெண்டர் முடியட்டும் என்று காத்திருக்காது. அதனால் கழிமுகம் முழுவதற்கும் போதுமான நாற்றை முன்கூட்டியே பையில் போட்டுவிட்டேன்.

தொகைகளைத் திறந்த அன்று, நாற்றங்காலில் என்னோடு வேலை பார்க்கும் விஜிலாவும் நானும் செல்போனில் பார்த்தோம். முதல் இடத்தில் அண்ணாச்சி பெயர். நான் ஏற்றிய தொகை அங்கே இல்லை. என்னுடையதைவிடக் கொஞ்சமே கொஞ்சம் குறைத்து வேறொரு தொகை இருந்தது.

"யக்கா, செல்லு தப்பாக் காட்டுதோ?" என்றாள் விஜிலா.

மறுநாள் காலையில் அண்ணாச்சி மக்ரூன் பொட்டலத்தோடு நாற்றங்காலுக்கு வந்தார்.

"நாத்த எனக்கே குடுத்துரு, என்ன? நல்ல வெல தாரேன். நடவையும் நீதான் நின்னு பாக்கணும்."

"ஒங்க டோங்கிள் எங்கிட்டல்லா இருக்கு அண்ணாச்சி. எப்படி மாத்துனீய?"

"தொலஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுத்துப் புதுசு வாங்குனேன். கடைசி நேரம் வரைக்கும் தொகைய மாத்தலாமே." முகம் கொஞ்சம்கூடக் கோணவில்லை.

"வேண்டாம்னு மொதல்லயே சொல்லியிருந்தா நான் போட்டிருக்கவே மாட்டேனே."

"சொன்னா வேற ஆளத் துணைக்குப் பிடிச்சிருப்ப. ஒரு வாட்டி சான்று ஒன் கைக்கு வந்துட்டா, அடுத்த வருசம் எனக்கு எதிராவே நிப்பல்லா. பொறவு எனக்கு நாத்து யாரு வளப்பா?"

பணத்துக்காகச் செய்திருந்தால்கூட ஆத்திரம் ஆறியிருக்கும். கடைசிவரை என்னைச் சேற்றிலேயே நிறுத்தி வைப்பதற்காகச் செய்திருக்கிறார். கூடப்பிறந்த அண்ணனைப்போல நினைத்த மனிதர். பொட்டலத்தைத் தூக்கி ஓடையில் எறிந்தேன். "ஒரு நாத்து தர மாட்டேன். ஆபீசுல போயிச் சொல்லுதேன், பாருங்க!" என்று கத்தினேன்.

அவர் வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, "போயிட்டு வா" என்றார்.

தூத்துக்குடி பஸ்ஸில் வழியெல்லாம் அவரை மனதுக்குள் கிழித்துத் தொங்கவிட்டேன். டெண்டர் விட்ட அலுவலகத்தின் அதிகாரி சண்முகப்ரியா, சின்ன வயதுக்காரி. யாருக்கும் வளைந்துகொடுக்காதவர் என்று பேர். என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"முறைகேடு இருந்தா டெண்டரையே நிறுத்தி வைக்கிறேன் அக்கா. என்ன நடந்துச்சு?"

"தளவாய் அண்ணாச்சி மொதல்ல என்னவிடக் கூடுதலாத்தான் போட்டிருந்தாரு மேடம். கடைசி நேரத்துல கொறச்சு மாத்திட்டாரு."

அவர் பேனாவை எடுத்தார். எழுதப் போனவர் நிறுத்தினார்.

"திறக்கிற வரைக்கும் யார் எவ்வளவு போட்டிருக்காங்கன்னு எங்களுக்கே தெரியாது. அவர் முதல்ல கூடுதலாப் போட்டிருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான்தான் ஏற்றினேன் என்று சொன்னால் இரண்டு பேருக்கும் சேர்த்து டெண்டர் போடத் தடை விழும். அண்ணாச்சி சம்பாதித்து முடித்தவர், வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவார். நான் இன்னும் தொடங்கவே இல்லை. அவர் ஏன் அவ்வளவு நிதானமாகப் போயிட்டு வா என்றார் என்பது அப்போதுதான் உறைத்தது.

"அக்கா?"

"ஊர்ல அப்படிப் பேசிக்கிட்டாவ மேடம். வெறும் பேச்சுதான்" என்று எழுந்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்ததா சந்தேகம் இருந்ததா, தெரியவில்லை.

வெளியே வந்து சுவரோரம் நின்று அழுதேன். பைகளுக்குள் நாற்றுகளின் வேர் சுருள ஆரம்பித்திருந்தது. இந்தப் பருவத்தில் சேற்றுக்குப் போகாவிட்டால் அத்தனையும் செத்துப்போகும். வாங்க வேறு ஆளும் இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு போன் போட்டேன்.

"நாத்து எடுக்க வண்டி அனுப்புங்க, அண்ணாச்சி." அண்ணாச்சி என்று சொல்ல நாக்கு கூசியது.

"நீ பஸ் ஏறுனதுமே வண்டி வந்துட்டு ஏளா. விஜிலா மறிக்கத்தான் செஞ்சா, செல்வி சரின்னு சொல்லிருவான்னேன். பாதி ஏத்தியாச்சு. நாளைக்கு நடவுக்கு வெரசா வந்துரு" என்றார்.