வைரஸ் திருத்திய அத்தியாயம்

1

“வயரைப் பிடுங்குங்க! எந்த வயர்னு கேக்காதீங்க, எல்லாத்தையும் பிடுங்குங்க!”

கத்தியது நான். மேசைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தவர் என் வீட்டுக்காரர். திரையில் என் தொடர்கதையின் கடைசி அத்தியாயம் திறந்திருந்தது. என் இரண்டு கைகளும் என் கன்னத்தில் இருந்தன. மவுஸைத் தொட ஆளே இல்லை. ஆனாலும் அம்புக்குறி நகர்ந்தது. நிதானமாக, வாடகைக்கு வீடு பார்க்க வந்தவரைப் போல, பத்தி பத்தியாக இறங்கி மூன்றாவதில் நின்றது. ‘வலது’ என்ற சொல் எழுத்தெழுத்தாக மறைந்து, அந்த இடத்தில் ‘இடது’ என்று வந்தது.

திரை இருண்டது. கூடவே மின்விசிறியும் நின்றது.

“போச்சா?” என்றார் அடியிலிருந்து.

“எல்லாமே போச்சு.”

(கதை பிறந்தது இங்கேதான். இன்று காலை. வாரப் பத்திரிகைத் தொடர்கதை எழுதிப் பிழைப்பவள் நான். அதிர்ச்சியைப் பொட்டலம் கட்டி வாராவாரம் விற்கிறவள். ‘அவள் வீறிட்டாள்’, ‘ரத்தம் உறைந்தது’ என்று எத்தனை முறை எழுதியிருப்பேன்! நிஜமாக வந்தபோது ரத்தம் உறையவில்லை. அடுப்பில் பால் இருப்பது ஞாபகம் வந்தது. அவ்வளவுதான். இத்தனை வருஷமாக உங்களை ஏமாற்றியிருக்கிறேன் போலிருக்கிறது.)

2

முதலில் இந்தக் கதையை இப்படி ஆரம்பித்தேன்: ‘மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த மாலையில், தன் வீட்டுக் கணினிக்குள் யாரோ…’

மழையே பெய்யவில்லை. [மழையில ஆரம்பிச்சது போதும்டி. ஒன்பது தொடர் ஆச்சு.]

அடுத்து: ‘வீட்டுக் கணினிக்கு ஆன்டிவைரஸ் தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை யாதெனில்…’

கட்டுரை வாடை. விட்டுவிட்டேன்.

மேலே சதுர அடைப்புக்குள் ஒரு வரி இருக்கிறதே, பார்த்தீர்களா? அது நான் எழுதியதல்ல. சத்தியமாக. வளைந்த அடைப்புக்குள் இருப்பவை என் முணுமுணுப்புகள். சதுர அடைப்புக்குள் வருபவை வேறொரு கையின் வேலை. நான் தட்டிக்கொண்டிருக்கும்போதே உள்ளே நுழைகிறது, தானே அடைப்புக்குறியும் போட்டுக்கொள்கிறது. அவ்வளவு ஒழுங்கு. அழிக்காமல் விட்டிருக்கிறேன்.

யாருடைய கை என்று இப்போது எனக்குத் தெரியும். நாலாம் பகுதியில் சொல்கிறேன். தொடர்கதைக்காரியிடம் முதல் பக்கத்திலேயே கொலைகாரனைக் கேட்காதீர்கள்.

3

தெருமுனையில் கணினிக் கடை வைத்திருப்பவரை இந்தத் தெருவே டாக்டர் என்றுதான் கூப்பிடும். எந்தக் கணினியைக் கொண்டுபோனாலும் முதலில் “எப்பலேர்ந்து இப்படி இருக்கு?” என்று கேட்பார்.

எங்கள் வீட்டுக்கு வந்தும் அதையே கேட்டார்: “எப்பலேர்ந்து இப்படி இருக்கு, மேடம்?”

யோசித்தேன்.

கொஞ்ச நாளாகவே என் அத்தியாயங்களில் ஓட்டைகள் தானாக அடைபட்டு வந்தன. கை முறிந்த என் துப்பறிவாளர் அதே கையால் ஏணியில் தொங்குவார். நான் குழம்பைக் கிளறிவிட்டு வந்து பார்த்தால், மற்ற கையால் தொங்கிக்கொண்டிருப்பார். ஊமை வேலைக்காரி வாசலில் நின்று கூப்பிடுவாள். துணி காயப்போட்டுவிட்டு வந்தால் கைதட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருப்பாள். நானே திருத்திவிட்டு மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ‘இப்போதெல்லாம் உங்கள் கதையில் லாஜிக் பிரமாதம்’ என்று வாசகர்கள் எழுதினார்கள். நன்றி என்று பதில் வேறு போட்டேன்.

“என் கதையைத் திருத்துற வைரஸ்” என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

டாக்டர் சிரிக்கவில்லை. “நல்லா திருத்துதா?”

“யோவ், அதுவா இப்போ முக்கியம்?” என்று பாய்ந்தார் வீட்டுக்காரர். அவர் லிஃப்ட் பாதுகாப்புச் சோதனைக்காரர். கயிறு, பூட்டு, எச்சரிக்கை மணி எதையும் சோதிக்காமல் நம்பமாட்டார். “இருக்கிற ஆன்டிவைரஸ்லயே கடுமையானது எதுவோ அதைப் போடுங்க. எது கொஞ்சம் அசைஞ்சாலும் கத்தணும்.”

“கத்துறதுக்குத்தான் நான் இருக்கேனே” என்றேன். “பழைய மெஷின், கனமா எதையும் போட்டா படுத்துடும். இலவசமா கிடைக்கிறதையே போடுங்க டாக்டர்.”

“எதுவும் போட வேணாம் மேடம். கம்ப்யூட்டரோட வந்ததே உள்ள இருக்கு. அதை அப்டேட் பண்ணினாலே பாதி வியாதி போயிடும்.”

பிடுங்கிய வயர்களையெல்லாம் திரும்பச் சொருகி, நெட்டையும் கொடுத்தோம். உள்ளே இருந்ததே சோதித்தது: ஆபத்து எதுவும் இல்லை. பிறகு நான் கேட்ட இலவசத்தைப் போட்டார், அதுவும் சோதித்தது: ஆபத்து எதுவும் இல்லை.

“ரெண்டையும் சேர்த்து விட்டா?” என்றார் வீட்டுக்காரர்.

“ஒண்ணையொண்ணு திருடன்னு நினைச்சு அடிச்சுக்கும் சார்.”

“மாமியார் மருமகள் மாதிரி.”

“அவங்களாவது சாப்பாட்டு நேரத்துல நிறுத்துவாங்க.”

கடைசியில் வீட்டுக்காரர் பிடிவாதம்தான் ஜெயித்தது. இலவசத்தை எடுத்துவிட்டு, கடுமையானதைப் போட்டார் டாக்டர். அது உறுமிக்கொண்டே கணினியின் மூலைமுடுக்கெல்லாம் மோப்பம் பிடித்து, ஓரிடத்தில் நின்று மஞ்சள் கட்டம் ஒன்றைத் திறந்தது.

டாக்டர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “மேடம், இது வைரஸே இல்லை. வேற வீட்டுலேர்ந்து உங்க கம்ப்யூட்டரை ஓட்டுற புரோகிராம். நீங்க அனுமதி குடுத்துத்தான் போட்டிருக்கு. கதவை உடைச்சு யாரும் வரல. சாவியை நீங்கதான் குடுத்திருக்கீங்க.”

“யாருக்கு?”

அவர் விரலால் காட்டினார். கட்டத்தின் அடியில் ஒரு வரி.

‘மூளை இப்போது இணைப்பில் உள்ளது.’

நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். என்று எழுதினால் நம்பாதீர்கள். பிடிக்க எதுவும் அகப்படவில்லை. டாக்டரின் தோளைப் பிடித்தேன்.

4

மூளை என்பது என் அக்காவின் கணினி. அதற்கு நான் வைத்த பெயர். என் கணினிக்கு வாய் என்று பெயர்.

உங்களிடம் இத்தனை நாள் மறைத்ததைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் படிக்கும் புனைபெயருக்குள் இரண்டு பேர் இருந்தோம். அக்கா முடிச்சுப் போடுவாள்: யார் கொன்றது, எப்படி, எந்தக் கதவு வழியாக. நான் வாக்கியம் எழுதுவேன். அவள் வீடு ஊரின் அந்தக் கோடியில். அதனால் இந்தப் புரோகிராமைப் போட்டுக்கொண்டோம். அவள் அங்கே உட்கார்ந்து என் திரையில் எழுதுவாள், நான் இங்கே எழுதுவேன். ஒரே பக்கம், ஒரே அம்புக்குறி. சில நாள் ஒரு வாக்கியத்தின் தலை அவளுடையதும் வால் என்னுடையதுமாக இருக்கும்.

ஒருநாள் ஃபோன் வந்தது. “இனிமே நீயே எழுதிக்கோ. காரணம் கேக்காதே.”

கேட்டேன். வைத்துவிட்டாள். எனக்கும் ரோஷம் வந்தது. பேச்சு நின்றது. பொது இடங்களில் பார்த்துக்கொண்டால் இருவருமே கிளம்பிவிடச் செருப்பைத் தேடுவோம். பேச்சை நிறுத்தத் தெரிந்த எங்களுக்கு, புரோகிராமை நிறுத்தத் தோன்றவில்லை. கணினி விழிக்கும்போதெல்லாம் அதுவும் விழித்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

[கை உடைஞ்சவன் ஏணியில தொங்குறதைப் பார்த்துட்டு எப்படிடி சும்மா இருக்கிறது?]

படித்தீர்களா? அந்த மழை வரி வெறும் திருத்தம். என்னோடு அவள் பேசிய முதல் வாக்கியம் இதுதான். இத்தனை காலத்துக்குப் பிறகு. உங்கள் முன்னால், அதுவும் ஒரு ஏணியைப் பற்றி.

5

டாக்டர் போய்விட்டார். மஞ்சள் கட்டம் போகவில்லை. அதில் இரண்டு பொத்தான்கள்: ‘நீக்கு’, ‘இருக்கட்டும்’. அதை ஓரமாக ஒதுக்கிவிட்டுத்தான் இந்தப் பக்கங்களைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். நீக்கினால் போவது வைரஸ் அல்ல, அக்கா. இருக்கட்டும் என்றால், இனி எழுதுகிற எந்த வரியையும் என்னுடையது என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியாது. ஆன்டிவைரஸ் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தவளுக்கு இது தேவையா?

முடிவு அ: நாயகி ‘நீக்கு’ என்பதை அழுத்துகிறாள். ஜன்னலைத் திறக்கிறாள். இளங்காற்று… (ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர். காற்றாவது ஒன்றாவது.)

முடிவு ஆ: ‘இருக்கட்டும்’. சகோதரிகள் சேர்கிறார்கள். கண்ணீர். [வேணாம். காரணம் தெரியாம சேர்ந்தா வாசகர்கள் அடிப்பாங்க.]

முடிவு இ: ஆன்டிவைரஸ் தானே முடிவெடுத்து இருவரையும்…

இதற்குமேல் ஓடவில்லை. என் பாத்திரங்களில் நான் சந்தேகப்பட வேண்டிய ஆள் அக்கா என்றுதான் நினைத்திருந்தேன். எழுத எழுத, என் பின்னால் நிற்கிற வீட்டுக்காரர் உறுத்துகிறார்.

6

“இன்னும் என்னம்மா யோசனை? நீக்குன்னு இருக்கு பாரு, அழுத்து” என்கிறார் வீட்டுக்காரர். இதை நான் தட்டும்போதே சொல்கிறார்.

“என்னங்க அவசரம்?”

“பாதுகாப்புன்னா பாதுகாப்புதான். சொந்தக்காரங்களா இருந்தா என்ன?”

“அவ என் அக்காங்க.”

“அதான் சொல்றேன்.”

லிஃப்டில் எட்டுப் பேர் மாட்டிக்கொண்டார்கள் என்று ஃபோன் வந்தாலும், உட்கார்ந்து சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துவிட்டுக் கிளம்புகிற மனிதர் இவர். இப்போது என் தோளுக்கு மேலாகக் கை நீட்டி மவுஸைப் பிடிக்கப் பார்க்கிறார்.

அவர் கையைத் தட்டிவிட்டேன்.

வாசகரே, முடிவை உங்கள் கையில் கொடுப்பதாகத்தான் இருந்தேன். எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பொத்தான்களும் அப்படியே இருக்கின்றன, உங்களுக்குப் பிடித்ததை அழுத்திக்கொள்ளுங்கள். எனக்கு இப்போது முடிவு வேண்டாம், காரணம்தான் வேண்டும். கேட்டுவிடுகிறேன்.

அக்கா, அன்னிக்கு ஏன் நிறுத்தினே?

அம்புக்குறி அசையவில்லை. “எழுந்திரும்மா, போதும்” என்கிறார். நான் எழுந்திருக்கவில்லை. இதோ, அசைகிறது.

[பின்னால நிக்கிறாரா? இருக்கட்டும், அவரும் படிக்கட்டும். ‘நான் வெறும் வாய்தான், மூளை அக்காவோடது’ன்னு நீ அவர்கிட்ட அழுதியாமே. மறுநாளே என் வீட்டு வாசல்ல வந்து நின்னார். உள்ள வரல. ‘அவ நல்லாத்தான் எழுதுறா, அவளுக்கே அது தெரியல. நீங்க கூட இருக்கிற வரைக்கும் தெரியவும் தெரியாது’ன்னார். உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுப் போனார். நானா நிறுத்தலடி. நிறுத்தச் சொன்னது உன் வீட்டுக்காரர்.]