ஒரே எண்ணிட்ட பெட்டிகள்

செவ்வாய்க்கிழமை முற்பகல் பதினொன்று இருபதுக்கு, ஐந்தாம் எண் அறையின் கதவை யாரோ வெளியிலிருந்து சாவியிட்டுத் திறந்தார்கள்.

உள்ளே முப்பிடாதி உறங்கிக்கொண்டிருந்தாள். இரவு ஷிப்ட் முடித்து வந்து, கதவைச் சாத்தி, குமிழின் பொத்தானை அழுத்திப் பூட்டிவிட்டுப் படுத்தவள். பூட்டு திரும்பும் ஓசையில் விழித்தாள். கதவு ஒரு சாண் திறந்தது. தரையில் வெயில் விழுந்தது. அந்த வெயிலுக்குள் செருப்பணிந்த ஒரு கால் வந்து நின்றது. பிறகு கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது.

"தங்கமாரிதான் வந்துட்டான்னு நெனச்சேன்மா," என்று மாலை நான்கு மணிக்கு என்னிடம் வந்து சொன்னாள். "அப்புறம்தான் நெனப்பு வந்துச்சு, அவ காலைலயே கம்பெனிக்குப் போயிட்டாளேன்னு. அது ஆம்பள செருப்பும்மா."

தங்கமாரி அவளுடைய அறைத்தோழி. ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். சாப்பாட்டு டப்பாவைக்கூடக் கீழே வைக்கவில்லை. "ஏட்டி, நீ கனா கண்டிருப்ப. மூணு நாளு தொடர்ந்து ஓ.டி. பாத்தா செருப்பு என்ன, ஆனையே உள்ள வரும்."

முப்பிடாதி சிரிக்கவில்லை.

"பொத்தானை அழுத்தினாயா?" என்று கேட்டேன்.

"அழுத்துனேன்மா."

"நினைவாகவா, பழக்கத்திலா?"

அவள் திரும்பித் தன் அறைக் கதவைப் பார்த்தாள். பூட்டு ஒவ்வொன்றுக்கும் மூன்று சாவிகள். இரண்டு அறையிலிருப்பவர்களிடம் இருக்கும், மூன்றாவது என்னிடம் இருக்கும். நான் திறக்கவில்லை. ஆகவே அவள் அழுத்த மறந்திருக்கிறாள் என்று முடிவு செய்தேன். அன்று இரவு அவளை மறுபடியும் வேலைக்கு அனுப்பினேன்.

ஒரகடத்துக்குப் பக்கத்து ஊரான வல்லம் வடகாலில் என் நிலத்தில் அந்த எட்டு அறைகளையும் நான் கட்டியது 2005 ஜனவரியில். காஞ்சிபுரத்தில் செவிலியர் விடுதியொன்றில் இருபத்தாறு ஆண்டுகள் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றிருந்தேன். இங்கும் எல்லோரும் என்னை வார்டனம்மா என்றே அழைத்தார்கள். அறைகளில் தங்கியிருந்தவர்கள் திருநெல்வேலி, சங்கரன்கோவில் பக்கத்துப் பெண்கள். வயர்கள் பின்னும் தொழிற்சாலையொன்றில் வேலை.

அறைகளின் உட்புறம் தாழ்ப்பாள் வைக்கக் கூடாது என்று மேஸ்திரியிடம் நானே சொன்னேன். விடுதியில் கங்கா என்றொரு மாணவி இருந்தாள். ஒருநாள் காய்ச்சலில் வலிப்பு வந்து தாழிட்ட அறைக்குள் விழுந்தாள். கதவை உடைக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. உள்ளிருந்து வந்துகொண்டிருந்த ஓசை, நாங்கள் உடைத்துக்கொண்டிருக்கும்போதே நின்றது. அதன் பிறகு, வெளியிலிருந்து என்னால் திறக்க முடியாத கதவு எதையும் நான் ஏற்பதில்லை.

புதன்கிழமை காலை முப்பிடாதி வேலையிலிருந்து வந்தாள். ஆனால் உறங்க மறுத்தாள். வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பூட்டு பழுதா என்று அவள் கண் முன்னே பார்த்துவிடலாம் என்று சாவிக் கொத்தை எடுத்து வந்தேன். அவளை உள்ளே அனுப்பிப் பொத்தானை அழுத்தச் சொன்னேன். சாவியிட்டுத் திறந்தேன். பூட்டில் குறையில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தபோது கையிலிருந்த சாவியில் கட்டியிருந்த பட்டையைப் பார்த்தேன். அதில் என் கையெழுத்தில் மூன்று என்று எழுதியிருந்தது.

மூன்றாம் அறைச் சாவி ஐந்தாம் அறையைத் திறந்திருந்தது.

ஏழாம் சாவியை இரண்டில் இட்டேன், திறந்தது. ஒன்றாம் சாவியை எட்டில் இட்டேன், திறந்தது. கடைசியாக, வரிசையின் தலைமாட்டில் இருந்த என் வீட்டுக்குப் போய், நான்காம் சாவியை என் கதவில் இட்டேன். அதுவும் ஓசையின்றித் திரும்பியது.

ஏழு மாதங்களாக இது யாருக்கும் தெரியவில்லை. அந்த வரிசையில் எவரும் பிறர் சாவியைப் பிறர் கதவில் இட்டதில்லை. அத்தனை ஒழுங்கை நான் நிலைநாட்டியிருந்தேன். ஒவ்வொரு சாவியிலும் 417 என்று பொறித்திருந்தது. ஒன்பது அட்டைப் பெட்டிகளின் மேலும் அதே எண். வாங்கிய அன்றே அதைக் கவனித்தேன். அது பூட்டின் வகையைக் குறிக்கும் எண் என்று எண்ணிக்கொண்டேன். எல்லாம் ஒரே சீராக இருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

இரவு ஷிப்ட் முடித்திருந்த மூவரையும், முப்பிடாதி, செல்வலட்சுமி, சுகப்பிரியா, ஐந்தாம் அறையில் ஒன்றாக இருக்கச் செய்தேன். கட்டிலை இழுத்துக் கதவோடு சேர்த்துப் போடச் சொன்னேன்.

"நீங்க வந்தா எப்படிம்மா தெரியும்?" என்றாள் செல்வலட்சுமி.

"பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். சாவி திரும்பும் ஓசை கேட்டால் அது நான் அல்ல."

சொன்ன பிறகுதான் அந்தச் சொற்கள் என்ன செய்தன என்று அவர்கள் முகத்தில் பார்த்தேன்.

பூட்டு வாங்குவதற்கு முன் நான் இரண்டு பெரிய கடைகளுக்குப் போயிருந்தேன். இரண்டும் அந்த ஆண்டில் புதிதாகத் திறந்தவை; ஆணி முதல் குளியல் தொட்டி வரை ஒரே கூரையின் கீழ் விற்பவை. ஒரகடம் கூட்டுச் சாலையிலிருந்த பூமாலை பில்ட் மார்ட்டில் முக்கால் மணி நேரம் நின்றேன். உட்கார நாற்காலி இல்லை. கடைசியில் செந்தமிழன் என்ற விற்பனையாளர் வந்தார். சட்டையின் மேல் பொத்தான் திறந்திருந்தது.

"இன்னாம்மா, எத்தினி பூட்டு? ஒம்போதா? ஒரே வூட்டுக்கா, வாடகை ரூமுக்கா?"

"பூட்டைக் காட்டுங்கள்."

"காட்றேன். குடியிருக்கிறது ஆம்பளையா பொம்பளையா? தெரிஞ்ச பசங்களா, வெளியூரா?"

என் வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று கடைச் சிப்பந்தி விசாரிப்பதா? வாசலிலிருந்த கருத்துப் புத்தகத்தில் ஒரு முழுப் பக்கம் எழுதினேன்: வாடிக்கையாளரின் சொந்த விவரங்களைத் துருவுவதாகவும், அவரை அந்த இடத்திலிருந்து நீக்க வேண்டுமென்றும். பெயரும் முகவரியும் இட்டுக் கையொப்பமிட்டேன்.

பிறகு பெங்களூர் நெடுஞ்சாலையிலிருந்த ஹோம் சாம்ராட்டுக்குப் போனேன். குளிர்சாதன வசதி, வணக்கம் சொல்ல ஒருவர், அமரச் சொல்ல ஒருவர், பருகப் பழச்சாறு. ஒன்பது பூட்டுகள் வேண்டும் என்றேன். "நிச்சயமாக மேடம்" என்று ஒரு பெரிய பெட்டியைப் பிரித்து ஒன்பதை எண்ணிக் கொடுத்தார்கள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கடை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அக்கம்பக்கத்தில் பலரிடம் சொன்னேன்.

அந்தக் கடைக்குத்தான் இப்போது முதலில் ஓடினேன். வாடிக்கையாளர் சேவை என்ற பலகையின் கீழ் ஒரு பெண் இருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை புன்னகை மாறாமல் கேட்டாள்.

"புகாரைப் பதிவு செய்துட்டேன் மேடம். ஏழு வேலை நாட்களுக்குள்ள எங்க பிரதிநிதி உங்களைத் தொடர்பு கொள்வார்."

"அறையில் மூன்று பெண்கள் கட்டிலைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருக்கிறார்கள்."

"புரியுது மேடம். தண்ணி குடிக்கிறீங்களா?"

"இதே சாவியுள்ள பூட்டை வேறு யாருக்கு விற்றீர்கள்?"

"மத்த வாடிக்கையாளர் விவரம் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை மேடம். மன்னிக்கணும்."

அவள் மீது எனக்குக் கோபம் வரவில்லை. அவள் எதையும் தவறாகச் செய்யவில்லை. நான் புகழ்ந்தது இதைத்தான்.

அங்கிருந்து பூமாலை பில்ட் மார்ட்டுக்குப் போனேன். செந்தமிழன் விற்பனைப் பகுதியில் இல்லை. கொல்லைப்புறக் கிடங்கில், சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவில் இருந்தார்.

"நீங்க எழுதினதுக்கு அப்புறம் இங்க அனுப்பிட்டாங்க," என்றார். குரலில் குறை இல்லை. "நல்லாதான் கீது. மூட்டை இன்னான்னு கேட்டாலும் கோச்சிக்காது."

நான் சாவியை நீட்டினேன். அவர் எண்ணைப் பார்த்தார். முகம் மாறிற்று.

"இத வாடகை ரூமுக்கா போட்டீங்க? இது காண்ட்ராக்டர் பெட்டிம்மா. ஒரு பெட்டிக்குப் பன்னெண்டு பூட்டு, பன்னெண்டுக்கும் ஒரே சாவி. கிடங்கு, ஆபீஸு, ஒரே ஆள் எல்லாத்தையும் தொறக்கிற எடத்துக்குத்தான் இது. அதுக்குத்தான் அன்னிக்கி யாரு இருக்காங்கன்னு கேட்டேன்."

நான் சாவியைக் கைப்பைக்குள் போட்டேன்.

"நீங்க வாங்குனது ஒம்போது. மீதி மூணு எங்க?"

விடை உடனே தெரிந்தது. எங்கள் மேஸ்திரியை வைத்து, எங்கள் வரைபடத்தின்படியே, எங்கள் வரிசைக்கு எதிரே, நெல் களத்துக்கு அந்தப் பக்கம் மூன்று அறைகள் கட்டி ஆண்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தவர் பலராமன். கதவுக்கு அடித்த நீல வண்ணம் உட்பட எல்லாம் அதேதான். பூட்டு எங்கே வாங்கலாம் என்று என்னிடம்தான் கேட்டார். நான்தான் ஹோம் சாம்ராட்டுக்கு அனுப்பினேன். மூன்று போதும் என்று மறுநாளே போய் வாங்கிவந்து காட்டினார்.

"வேற வேற சாவிப் பூட்டு வெள்ளிக்கிழமை லோடுல வருது," என்றார் செந்தமிழன். "இன்னிக்கி உள்தாழ்ப்பாள் போட்டுக்கலாம். எத்தினி?"

"எட்டு."

சாப்பாட்டு நேரத்தைச் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு, துளைபோடும் இயந்திரத்தோடு என்னையும் மொபெட்டில் ஏற்றிக்கொண்டார். வழியில் பலராமனின் அறைகளுக்கு முன் நிறுத்தச் சொன்னேன். நடு அறையின் கதவு பூட்டியிருந்தது. ஐந்தாம் அறைச் சாவியை எடுத்தேன். துளையில் இட்டேன். திருப்பியதும் திறந்தது.

உள்ளே தரையில் உறங்கிக்கொண்டிருந்த இளைஞன் ஒருவன் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டான். அவன் முகத்தில் இருந்ததைத்தான் முந்தைய நாள் முப்பிடாதியின் முகத்தில் நான் பார்க்க மறுத்திருந்தேன். வாசலில் அவனுடைய செருப்பு கிடந்தது.

"நேற்று எங்கள் ஐந்தாம் அறையைத் திறந்தது நீயா?"

அவன் பெயர் வேல்ராஜ். கோவில்பட்டிக்குப் பக்கத்து ஊர். வேலைக்குச் சேர்ந்து மூன்று நாள் ஆகியிருந்தது. ஓ.டி. முடிந்து தூக்கக் கலக்கத்தில் வரிசை மாறி வந்திருக்கிறான்.

"சத்தியமா தெரியாதும்மா. நீலக் கதவு, சாவி போட்டேன், தொறந்துச்சு. பொம்பளப்பிள்ள படுத்துக் கெடந்துச்சு. உசுரே போயிருச்சு. சாத்திட்டு ஓடி வந்துட்டேன்."

"ஏன் என்னிடம் வந்து சொல்லவில்லை?"

"அடிப்பீகன்னு பயந்துட்டேன்மா."

அவனை நம்பினேன். அத்தோடு அச்சம் போயிருக்க வேண்டும். ஆனால் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி மிச்சமிருந்தது.

"யாரிடமாவது சொன்னாயா?"

தலை குனிந்தான். "ரூம்ல சொன்னேன். பக்கத்து ரூம்லயும் கேட்டாக. எல்லாரும் சிரிச்சாக, மாமியார் வீட்டுச் சாவிடான்னு. நம்பிராஜன் அண்ணன் மட்டும் சிரிக்கல. எந்தக் கதவுன்னு கேட்டாரு. மத்த கதவும் தொறக்குமான்னு கேட்டாரு."

"அவர் இப்போது எங்கே?"

"பர்ஸ்ட் ஷிப்ட். மூணு மணிக்கு பஸ் வந்துரும்."

அப்போது மணி ஒன்று ஐம்பது. செந்தமிழன் மொபெட்டைக் கிளப்பிவிட்டார்.

ஐந்தாம் அறையின் முன் நின்று, "முப்பிடாதி" என்று அழைத்தேன். பதில் இல்லை. மறுபடி அழைத்தேன். என் குரல் எனக்கே வேறாகக் கேட்டது. கட்டில் நகரும் ஓசை வருவதற்குள் நான் மூன்று முறை அழைத்துவிட்டேன். மூவரும் உறங்கவில்லை. ஒருத்தி கையில் காய் நறுக்கும் கத்தி இருந்தது.

செந்தமிழன் ஐந்தாம் அறையிலிருந்து தொடங்கினார். மரத்தூள் அவருடைய தலைமுடியில் படிந்தது. நான் ஒவ்வொரு தாழ்ப்பாளையும் நேராகப் பிடித்துக்கொண்டேன். ஒன்று சற்றுச் சாய்ந்தே அமைந்தது, திருத்தச் சொல்லவில்லை. ஆறாவது கதவில் இருந்தபோது கம்பெனிப் பேருந்து திருப்பத்தில் நின்றது.

இறங்கியவர்களில் ஒருவன் மட்டும் களத்தைச் சுற்றாமல் எங்கள் வரிசை வழியாக நடந்து வந்தான். முப்பது வயதிருக்கும். சுத்தமான சட்டை, வாரிய தலை. திறந்திருந்த கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து எங்கள் அருகில் நின்றான்.

"என்னம்மா, புதுத் தாழ்ப்பாளா? நல்லதுதான். காலம் கெட்டுக் கெடக்கு."

"உன் பெயர்?"

"நம்பிராஜன்."

"நம்பிராஜன், உன் வழி அந்தப் பக்கம்."

சிரித்துக்கொண்டே போனான். விரலில் சாவி வளையத்தைச் சுழற்றினான். அதன் ஓசை களத்தின் பாதி தூரம் வரை கேட்டது.

எட்டாவது கதவு முடிந்ததும் செந்தமிழன் கருவியைத் துடைத்தார். "ஒம்போதாவது பூட்டு எங்கம்மா கீது?"

இந்த முறை பதில் சொன்னேன். "என் வீட்டில். நான் தனியாகத்தான் இருக்கிறேன்."

"நாளைக்கிக் காலைல மொதல்ல வந்து போட்டுர்றேன். இன்னிக்கி எதுனா கனமா முட்டு குடுத்துக்கோங்க." நான் நீட்டிய தேநீரை நின்றபடியே குடித்துவிட்டுக் கிடங்குக்குத் திரும்பினார். கருத்துப் புத்தகத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

நாலரை மணிக்கு மூன்று பெண்களும் அவரவர் அறைக்குப் போனார்கள். அவர்கள் உறங்குவதற்கு நான்கு மணி நேரமே மிச்சமிருந்தது. நான் வாசலில் நின்றேன். முதலில் ஐந்தாம் அறையின் தாழ்ப்பாள் விழும் ஓசை கேட்டது. பிறகு இரண்டாம் அறை. பிறகு ஏழு. மற்ற ஐந்து அறைகளிலும், வேலை முடிந்து வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தாழிட்டுக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை புதிய பூட்டு வந்தாலும் அந்தத் தாழ்ப்பாள்களைக் கழற்ற இனி எந்தப் பெண்ணும் சம்மதிக்க மாட்டாள் என்று தெரிந்தது. நானும் கேட்கப் போவதில்லை. அந்த எட்டுக் கதவுகளில் ஒன்றையும் இனி என்னால் திறக்க முடியாது. சுகப்பிரியாவுக்கு அந்த வாரம் முழுவதும் காய்ச்சல் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது.

வீட்டுக்குள் போய், இரும்பு நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்து, அதன் மேலேயே உட்கார்ந்தேன். முன்னாலிருந்த கதவின் குமிழைப் பார்த்துக்கொண்டே, சுவருக்கு அப்பால் யாராவது இருமுகிறார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.