பதில் சொன்ன இலை

1.

ஒப்புக்கொள்கிறேன், இந்தக் கதை ஒரு சத்தத்திலிருந்து வந்தது. மெக்சிகோவின் யுகடானில் என் வீட்டுக்குப் பின்னால் அடர்ந்த காடு. போன மழைக்காலத்தில் ஒரு விடியலில், அங்கே இரண்டு மான்குட்டிகள் மாறி மாறிக் கூப்பிட்டன. ஒரு வெடி. பிறகு ஒரு குட்டி மட்டும் கூப்பிட்டது.

2.

'ஃபெர்மீன் தன் மனைவியை மிகவும் நேசித்'

(வேண்டாம். இது என் வழக்கமான ஆரம்பம்.)

மறுபடி. ஃபெர்மீனின் மகளை முதன்முதலாக இடுப்பில் தூக்கி வைக்கும் சடங்கு மறுநாள். தூக்க வேண்டியவன் அவன் மனைவி எல்டாவின் அண்ணன் காசியானோ. ஆனால் ஃபெர்மீனுக்கும் அவனுக்கும் பேச்சில்லை. ஒரு விருந்தில் எல்லோர் முன்னாலும் காசியானோ சொன்னதுதான் காரணம்:

"எங்க மச்சான் துப்பாக்கிய எடுத்தா மான் ஓடாது. மரந்தான் பயப்படும்!"

எல்டா கணவனிடம் சொன்னாள்: "மான்கறி இல்லாம ஒரு விருந்தா? உங்க ரோஷத்தத் தூக்கி அடுப்புல போட்டுட்டு, காட்டுக்குப் போங்க."

(அண்ணனிடமும் ரகசியமாகக் கேட்டிருந்தாள். யார் கொண்டுவந்தாலும் இருவரும் ஒரே சட்டியில் கறி எடுப்பார்கள், சமாதானமாகிவிடும் என்று நினைத்தாள். நான் எழுதும் கதைகளில் அப்படித்தான் நடக்கும்.)

3.

இங்கே வேட்டைக்குப் போகிறவன், எந்தப் பக்கம் போகிறான் என்று மற்ற வேட்டைக்காரர்களிடம் சொல்லிவிட்டுத்தான் போவான். பேசாத மச்சானிடம் எப்படிச் சொல்வது?

மனித வாடை பட்டாலே மான் மறைந்துவிடும். ஃபெர்மீன் புதரில் பதுங்கி, ஓர் இலையை உதட்டில் வைத்துக் குட்டியின் குரலில் ஊதினான்.* தாய் வரவில்லை. இன்னொரு குட்டி பதில் சொன்னது. மறுபடி ஊதினான். பதில் நெருங்கி வந்தது. கிளை அசைந்தது. பழுப்பாக ஏதோ...

சுட்டான்.

பனையோலைத் தொப்பி ஒன்று உருண்டு வந்தது. அதில் சிவப்பு நாடா. எல்டா தன் அண்ணனுக்குத் தைத்துக் கொடுத்தது.

* குட்டியைச் சுட யாரும் போவதில்லை. குட்டியின் குரல் கேட்கும் இடத்துக்குத் தாய் வரும். இருவரும் அதை நம்பித்தான் இலையை ஊதினார்கள்.

4.

ஒரு முடிவு: காசியானோ எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டே, "நாந்தான் சொன்னேன்ல, அடி மரத்துக்குத்தான்!" என்று சிரிக்கிறான். (அழகாக இருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை.)

இன்னொரு முடிவு: ஃபெர்மீன் புதரை விலக்குகிறான், அங்கே காசி

முடியவில்லை.

5.

ஃபெர்மீன் தொப்பியைத் தாண்டிப் போகவில்லை. 'மச்சான்' என்று கூப்பிட வாயைத் திறந்தான். மாதக்கணக்கில் சொல்லாத சொல், வரவில்லை. இலையை எடுத்தான். தன் குறி தப்பியிருக்க வேண்டும் என்று வாழ்நாளில் முதன்முறையாக வேண்டிக்கொண்டே ஊதினான்.

அந்நேரம் வீட்டில் எல்டா, கறி சுடுவதற்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தாள்.

வெடிக்குப் பிறகு நான் கேட்ட குரல் ஃபெர்மீனுடையது. அப்புறம் நடந்தது ஊருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். எழுத மாட்டேன். அவன் இன்னும் ஊதிக்கொண்டிருக்கிறான். பதில் நீங்கள் சொல்லுங்கள்.