வெளுத்த நிறத்தில் ஒரு பள்ளத்தாக்கு

அவளை அலுவலகத்தில் படக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். ஓடி ஓடிச் செய்தி சேர்ப்பவருக்கு நிருபர் என்று பெயர், அதைத் திருத்துகிறவருக்கு ஆசிரியர் என்று பெயர். எங்கோ நடக்கும் சண்டையையும் தேர்தலையும் வறட்சியையும் கோடாகவும் கட்டமாகவும் நிறமாகவும் மாற்றி, ஒரே பார்வையில் புரிய வைக்கிறவளுக்கு மட்டும் இப்படி ஒரு பெயர். அதில் அவளுக்கு வருத்தமில்லை. வருத்தமெல்லாம் கூடப் பிறந்தவளால்தான். வேலையில் சேர்ந்த அன்று, "படம் வரையறதுக்காடி சம்பளம் குடுக்கறாங்க?" என்று கேட்ட அக்கா, கல்யாணமாகி வேறு நாட்டுக்குப் போய் இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதனால்தான் அன்று காலை அக்கா போனில் பேசியதைக் கேட்டதும் படக்காரிக்கு உச்சி குளிர்ந்து போனது.

அக்கா இருக்கும் நாட்டில் பெருவெள்ளம். மலையிலிருந்து இறங்கும் ஆறு ஒரு நீளமான பள்ளத்தாக்கு வழியாக வந்து சமவெளியில் பரவுகிறது. கரையோர ஊர்களில் எல்லாம் நீர்மட்டம் அளக்கும் கருவிகள் உண்டு. அவை தாமாகவே அளந்து தாமாகவே அனுப்பிவிடும். அந்த எண்களை எடுத்துப் படக்காரி ஒரு வரைபடம் செய்திருந்தாள். தண்ணீர் குறைவான இடம் வெளிர் நீலம், ஏற ஏறக் கருநீலம். புது எண் வந்தால் படமும் மாறும். சும்மா சொல்லக்கூடாது, பார்த்தவர் கண்ணை எடுக்க முடியாதபடி இருந்தது. அந்த நாட்டுத் தொலைக்காட்சிகளே இவர்கள் இணையப் பக்கத்திலிருந்து நேராக எடுத்துக் காட்டத் தொடங்கிவிட்டன.

"உன் படம்தாண்டி இங்க எல்லா டிவியிலயும் ஓடுது," என்றாள் அக்கா. "எங்க தெருவுல தண்ணி ஏறிடுச்சு. நடுவுல அந்தப் பள்ளத்தாக்கு மட்டும் வெளிர் நீலமா இருக்கு பாரு, அங்க உன் மாமாவோட சிநேகிதர் வீடு இருக்கு. பசங்களை ஏத்திக்கிட்டு கிளம்பிட்டோம்."

"மாமா சரின்னுட்டாரா?"

"அவருக்கென்ன. என் மச்சினி போட்ட படம்னு தெருவுல எல்லார்கிட்டயும் பெருமை அடிச்சுட்டுத்தான் வண்டியையே எடுத்தாரு. சார்ஜ் போகப் போகுது, அங்க போய்ப் பேசறேன். நல்லாத்தான் வேலை பாக்கறடி நீ."

நல்லாத்தான் வேலை பாக்கறடி நீ. இந்த ஒரு வாக்கியத்துக்காக எத்தனை வருடம் காத்திருந்தாள். பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லலாமா, மொட்டை மாடிக்குப் போய்க் கத்தலாமா என்று தெரியாமல், கடைசியில் ஒரு காபியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அக்கா போகும் வழியைத் தன் படத்திலேயே பார்த்துவிடுவோம் என்று திரையில் விரலை வைத்தாள்.

மலையடிவாரம் கருநீலம். பள்ளத்தாக்கு வெளிர் நீலம். அதற்குக் கீழே சமவெளி மறுபடியும் கருநீலம்.

விரல் அங்கேயே நின்றுவிட்டது. ஆறு ஒன்றுதானே? மேலே வெள்ளம், கீழேயும் வெள்ளம், நடுவில் மட்டும் எப்படிக் காய்ந்து கிடக்கும்? தண்ணீர் என்ன, பள்ளத்தாக்கைப் பார்த்ததும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டிக் குதித்ததா?

எண்கள் வரும் பக்கத்தைத் திறந்தாள். பள்ளத்தாக்கு ஊர்களுக்கு நேரே எண்களே இல்லை. கட்டங்கள் காலியாகக் கிடந்தன. காலிக் கட்டத்தைக் கணினி பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. பூஜ்யத்துக்கு நிறம் வெளிர் நீலம். கருவி ஏன் பேசவில்லை? மூழ்கிப் போன கருவி எந்த வாயால் பேசும்? ஆக, எங்கே கழுத்தளவு தண்ணீர் நிற்கிறதோ, அந்த இடத்தைத்தான் ஊரிலேயே பத்திரமான இடம் என்று அவள் வரைந்து வைத்திருந்தாள்.

இந்தத் தொழிலில் காலெடுத்து வைத்ததும் கற்றுக்கொள்ளும் பாடம் இது. 'இல்லை' வேறு, 'தெரியவில்லை' வேறு. இரண்டுக்கும் ஒரே நிறம் கொடுக்கக் கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு அவளே சொல்லிக் கொடுத்திருக்கிறாள். நேற்று நிறங்கள் அழகாக அமைந்துவிட்ட குஷியில் அந்த ஒரு வேலையை விட்டுவிட்டாள். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பி, சொந்த அக்கா பிள்ளைகளோடு புறப்பட்டாயிற்று.

அக்காவைக் கூப்பிட்டாள். போன் அணைந்திருந்தது. மாமாவின் போன் வழக்கம்போல வீட்டிலேயே எங்கோ கிடந்திருக்கும். அதுவும் எடுக்கப்படவில்லை. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கும் மனிதர் மாமா. கிளம்பிய வண்டியைப் பாதி வழியில் திருப்பினார் என்று சரித்திரமே கிடையாது. கூப்பிட்டுச் சொல்ல முடியாத அக்காவுக்குச் செய்தி சொல்ல இனி ஒரே ஒரு வழிதான் இருந்தது, அந்தப் படம்.

செய்தி ஆசிரியரின் மேசைக்கு ஓடினாள். எந்த வாக்கியத்தைக் கொடுத்தாலும் பாதியாக்கித்தான் திருப்பித் தருவார் என்பதால் அவருக்குக் கத்தரி என்று பெயர். அவர் சம்மதம் இல்லாமல் ஒரு புள்ளிகூட வெளியே போகாது.

"படத்தை மாத்தணும் சார். பள்ளத்தாக்கு தப்பு."

கத்தரி நிமிர்ந்து பார்த்தார். "நம்ம பக்கத்துலேயே அதிகம் பேர் பாக்கற படம் அது. எங்க தப்பு?"

சொன்னாள். அவர் முகம் மாறியது. ஆனால் அவசரப்படுகிற ஆளில்லை அவர். "உலகத்தைக் கூப்பிடு," என்றார்.

உலகம் என்பது வெளிநாட்டுச் செய்திப் பிரிவின் தலைவர். 'உலகம் டீ குடிக்கப் போயிருக்கு', 'உலகத்துக்குத் தலைவலியாம், இன்னிக்கு லீவு' என்று நாள் முழுக்க அவரை வைத்துத்தான் அந்த அலுவலகத்தில் சிரிப்பு. அன்று யாரும் சிரிக்கவில்லை. உலகம் அந்த நாட்டு நீர்வளத் துறைக்குப் போன் போட்டு, அவர்கள் மொழியிலேயே பேசிவிட்டு வைத்தார்.

"விடியற்காலையிலிருந்தே அந்தக் கருவிங்க பேசலையாம். பழுதா இருக்கலாம், மூழ்கியும் இருக்கலாம், பாக்க ஆள் போயிருக்கு, தகவல் வரலங்கறாங்க."

"அப்போ வெள்ளம்னு உறுதியா தெரியாது," என்றார் கத்தரி. "வெறும் பழுதா இருந்தா? ஊரையே பயமுறுத்தினதுக்கு யார் பதில் சொல்றது?"

"வெள்ளம்னு போட வேண்டாம் சார். தெரியலன்னு போடுங்க. நமக்குத் தெரியலங்கறது உண்மை. இந்த வெளிர் நீலம்தான் பொய்."

கத்தரி பேனாவை மேசையில் தட்டிக்கொண்டிருந்தார். "சரி. சத்தமில்லாம நிறத்தை மட்டும் மாத்திடு. நம்ம தப்புன்னு வெளியில சொல்ல வேண்டாம்."

அந்த இடத்தில் படக்காரிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றீங்களா? ஏற்கெனவே கிளம்பினவங்க என்ன நினைப்பாங்க? ஏதோ நிறம் மாறித் தெரியுது, டிவி கோளாறுன்னு போயிட்டே இருப்பாங்க. இவ்வளவு நேரம் காட்டினது தப்புன்னு பெரிசா எழுதணும். என் தப்புன்னே எழுதுங்க, எனக்குப் பரவாயில்ல. எங்க அக்கா அந்த ரோட்டுல போயிட்டிருக்கா சார், ரெண்டு குழந்தைங்களோட."

பேனா நின்றது. "உங்க அக்காவுக்காக நான் படத்தை மாத்த முடியாதும்மா."

"அவளுக்காக வேண்டாம். அந்த ரோட்டுல போற எல்லாருக்காகவும் மாத்துங்க."

கத்தரி எழுந்து தன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். "உன் இடத்துக்கு ஓட வேண்டாம். இங்கேயே உக்காந்து வரை."

அவள் உட்கார்ந்தாள். எந்த நிறம்? சாம்பல் போட்டால் பழைய தொலைக்காட்சிகளில் வெறும் நிலமாகத் தெரியும். சிவப்பு போட்டால் வெள்ளம் என்று அடித்துச் சொன்னதாகிவிடும், அது தெரியாது. கடைசியில் நிறத்தையே விட்டாள். பள்ளத்தாக்கு முழுக்கச் சாய்வாக, தடிமனாக, கறுப்புக் கோடுகளை இழுத்தாள். சாலையை மறித்துக் கட்டைகளை அடுக்கியதுபோல இருந்தது. அதன் மேலே எழுத வேண்டியதை அவள் சொல்லச் சொல்ல, உலகம் அந்த நாட்டு மொழியில் எழுதினார்: 'இங்கிருந்து தகவல் வரவில்லை. பத்திரமான இடம் என்று நினைக்க வேண்டாம். முன்பு வெளிர் நீலமாகக் காட்டியது எங்கள் தவறு.'

கத்தரி படித்தார். மூன்று வாக்கியம். எல்லோரும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு சொல்லைக்கூட வெட்டாமல், "போடு," என்றார்.

இந்தப் படங்களில் ஒரு சௌகரியம் உண்டு. எத்தனை பேர் எடுத்து ஒட்டியிருந்தாலும் வேர் ஒன்றுதான். இங்கே மாற்றினால் அங்கே எல்லாத் திரையிலும் மாறும். மாறியது. அந்த நாட்டுத் தொலைக்காட்சி ஒன்று இவர்கள் அலுவலகத்துச் சுவர்த் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. செய்தி வாசித்த பெண் பேசிக்கொண்டே திரும்பிப் பார்த்து, வாசித்ததை நிறுத்திவிட்டு, அந்த மூன்று வாக்கியத்தையும் உரக்கப் படித்தாள். ஆனால் அக்கா பார்த்தாளா? மறுபடி கூப்பிட்டாள், மறுபடி கூப்பிட்டாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாங்கி வைத்த காபி ஆடை கட்டிக் கிடந்தது.

மத்தியானம் முதல் ஹெலிகாப்டர் காட்சி வந்தது. பள்ளத்தாக்கு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. கூரைகள் மட்டும் தெரிந்தன. ஊருக்குள் போகும் பாலத்தைக் காணோம். அதற்கு முன்னாலேயே, கோடு போட்ட படத்தைப் பார்த்துப் போலீஸ் அந்தச் சாலையை மூடிவிட்டது என்று உலகம் கத்திச் சொன்னார். எப்போது மூடினார்கள், அதற்குள் யார் யார் போயிருந்தார்கள் என்று மட்டும் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. படக்காரி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. எடுக்கும்போது கை பட்டு ஒலிபெருக்கி போட்டுக்கொண்டது அவளுக்குத் தெரியாது.

"நான்தாண்டி. யாரோ ஒருத்தரோட போன். குன்று மேல ஒரு பள்ளிக்கூடத்துல இருக்கோம், பசங்க பிஸ்கட் சாப்பிடறாங்க. அழாத. அழாம கேளு."

"நீ சொல்லு, நான் அழல," என்று அழுதாள் படக்காரி.

"பெட்ரோல் போட நின்னோம். கடைக்குள்ள டிவியில உன் படம். உன் மாமா சும்மா இருப்பாரா, கடைக்காரனைக் கூப்பிட்டு, இதோ இந்த வெளிர் நீலத்துக்குத்தான் போறோம், என் மச்சினி போட்டதுன்னு திரையில விரலை வெச்சுக்கிட்டு நிக்கறாரு. விரலுக்கு அடியிலேயே கறுப்புக் கோடு விழுதுடி."

"மாமா என்ன சொன்னார்?"

"டிவி கெட்டுப் போச்சுன்னாரு, வேற என்ன சொல்வாரு. அப்புறம் கோட்டு மேல எழுத்து வந்துச்சு, எங்கள் தவறுன்னு. அதைப் படிச்சாரு. இன்னொரு தடவை படிச்சாரு. தப்பைத் தப்புன்னு சொல்றவ பொய் சொல்ல மாட்டான்னு சொல்லிட்டு, நேரா போய் வண்டியைத் திருப்பினாரு. அந்த மனுஷன் வண்டியைத் திருப்பி நான் இன்னிக்குத்தான் பாக்கறேன். எங்களைப் பார்த்து பின்னாடி நின்ன வண்டியெல்லாம் திரும்பிச்சு. இப்போ பள்ளிக்கூடத்துல இடமில்ல, அவ்வளவு பேரு."

அலுவலகமே எழுந்து நின்று கை தட்டியது. உலகம் மூக்கைச் சிந்திக்கொண்டார். சாயங்காலத்துக்குள் அந்த நாட்டு நீர்வளத் துறையே தன் வரைபடத்தில் பேசாத கருவிகளுக்கெல்லாம் அதே கறுப்புக் கோட்டைப் போடப் போகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

கை தட்டல் எதற்கு என்று அக்காவுக்குப் புரியவில்லை. அவள் பாட்டுக்குக் கேட்டாள்.

"ஏண்டி, படம் வரையறதுக்கு உனக்கு எவ்வளவு சம்பளம் குடுக்கறாங்க?"

"ஏன்க்கா?"

"எவ்வளவு குடுத்தாலும் கம்மிதான். உன் ஆபீசர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லு."

கத்தரி சட்டென்று குனிந்து, தன் திரையில் யாருடைய வாக்கியத்தையோ மும்முரமாக வெட்டத் தொடங்கினார்.