உச்சவரம்புக்குள் ஒரு வீடு

அரசாங்கம் போட்ட சட்டங்களிலேயே ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டருக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். சொந்தக்காரர் குடியிருக்கும் வீட்டுக்கு, வரிக்கான மதிப்பை வருஷத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்ற சட்டம். தெருவில் வீட்டு விலை எங்கேயோ போய்விட்டது. அவர் வீட்டின் மதிப்பு மட்டும் நல்ல பிள்ளையாக அடங்கிக் கிடந்தது. ஒரே ஒரு வில்லங்கம்: புதிதாக எதையாவது கட்டினால் அதற்குத் தனியாக முழு மதிப்பு போட்டுவிடுவார்கள். அதனால் மனிதர் ஒரு செங்கல்லைக்கூட வாசலுக்குள் விடவில்லை.

பாத்ரூம் மாடியில் இருந்தது. மனைவிக்கு முழங்கால் போய் ரொம்ப நாளாகிறது. கீழே ஒன்று கட்டித் தரச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். இப்போதெல்லாம் ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குகிறாள். அந்த நேரம் பார்த்துக் கண்டக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். பார்த்தால் மனசு கேட்காது. மனசு கேட்காவிட்டால் வரி ஏறிவிடும்.

மதிப்பீட்டு அதிகாரி வந்த அன்று கண்டக்டர் பம்பரமாகச் சுழன்றார். விரிசலை மறைத்திருந்த காலண்டரைத் தானே கழற்றினார்.

"பாருங்க சார், விரலே உள்ள போகுது," என்றார் பெருமையாக.

அதிகாரி பார்த்தார். டேப்பை நீட்டி ஹாலை அளந்தார்.

"புதுசா எதுவும் இல்ல. பத்து சதவீத வரம்பு அப்படியே இருக்கும். ஓனர் இங்கதானே குடியிருக்காங்க?"

"உங்க முன்னாலதானே நிக்கிறேன்."

"நீங்க இல்ல சார். வீடு அம்மா பேர்ல இருக்கு."

உண்மைதான். பெண்கள் பேரில் பதிந்தால் பத்திரக் கட்டணம் குறைவு என்று அவரேதான் மனைவி பேரில் பதிந்தார். பதிந்த கையோடு மறந்தும் போனார்.

மனைவி அப்போது பாதிப் படியில் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்தே கேட்டாள்.

"ஏன் தம்பி, நான் என் தங்கச்சி வீட்டோட போய் இருந்துட்டா?"

"வரம்பு போயிடும்மா. அப்புறம் மார்க்கெட் விலைக்குத்தான் வரி."

"அவ வீட்டுல பாத்ரூம் கீழயே இருக்கு," என்றாள் பொதுவாக.

மீதிப் படிகளையும் இறங்கி, அறைக்குள் போய், ஒரு பையோடு வந்தாள். துணி அடுக்கிய பை. அடுக்கியது இன்றைக்கு அல்ல என்பது பார்த்தாலே தெரிந்தது. கண்டக்டர் ஓடிப்போய் வாசலை மறித்து நின்றார்.

"கட்டிடறேன், கட்டிடறேன். நாளைக்கே கொத்தனாரை வரச் சொல்றேன்."

"எதுக்காக?"

"வரி..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். அவள் பையைக் கீழே வைக்கவில்லை. கனம் தாங்காமல் அவள் கால் நடுங்கியது. இந்த முறை அவர் நேராகப் பார்த்தார். வெட்கமாக இருந்தது.

"உனக்காகத்தான்," என்றார், வாய்க்குள்ளேயே.

"சத்தமாச் சொல்லுங்க. தம்பி எழுதிக்கட்டும்."