அக்கா வீட்டு வளைவு

எரிவாயுக் குழாய்க்குப் பாதை போடும் அந்த அலுவலகத்தில் அவருக்கு வளைவுக்காரர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. கடற்கரை முனையத்தில் கப்பல் வந்து, கடுங்குளிரில் திரவமாக்கிய எரிவாயுவை இறக்கும். அதைச் சூடாக்கி மறுபடி வாயுவாக்கி, மண்ணுக்கடியில் குழாய் வழியே உள்நாட்டுத் தொழிற்சாலைகளுக்கு அனுப்ப வேண்டும். அந்தக் குழாய் எவர் நிலத்தில் நுழைந்து எவர் நிலத்தில் வெளியே வர வேண்டும் என்று வரைபடத்தில் கோடு இழுப்பது இவர் வேலை. கிணறு வந்தால் வளைப்பார். பள்ளிக்கூடம் வந்தால் வளைப்பார். ஒருமுறை ஒரு கல்லறைத் தோட்டத்துக்காக இயக்குநரோடு மல்லுக்கட்டினார். “செத்தவங்க வந்து புகார் குடுக்கப் போறாங்களா?” என்று இயக்குநர் கேட்டதற்கு, “குடுக்க மாட்டாங்கன்னுதான் சார் நாம பார்க்கணும்” என்றாராம். கோடு வளைந்தது. பெயரும் ஒட்டிக்கொண்டது.

ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் வளைத்த மனிதருக்குத் தன் சொந்த அக்கா வீட்டுக்கு வளைக்க முடியாமல் போனது. எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் வயிற்றெரிச்சல்தான்.

அக்கா அவரைவிட நிறைய மூத்தவள். அம்மா போனபின் பள்ளிச் சீருடை தைத்துத் தம்பியைப் படிக்க வைத்தவள். இன்னும் தைக்கிறாள். வீட்டின் முன்பக்கம் இரண்டு அறை, பின்பக்கம் நீளமாக ஒரு தையல் கூடம், நாலு மெஷின், உதவிக்கு இரண்டு பெண்கள். கூடத்தின் சுவரை அவளே நின்று, கொத்தனாரோடு சண்டை போட்டுக் கட்டினாள். கல்யாணம் அவளுக்கு அமையவில்லை. கேட்டால், “எனக்கு நாலு மெஷின் இருக்கு, அதுங்க திருப்பிப் பேசாது” என்பாள்.

புதிய குழாய் அவள் தெருப்பக்கம் வருகிறது என்று பேச்சு கிளம்பியதுமே போன் செய்தாள். “என்னடா, எங்க தெருவுல குழி தோண்டப் போறியாமே?”

“நீ ஏன்க்கா கவலைப்படுறே? கோடு என் கையிலதான் இருக்கு.”

அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவள் அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

உண்மையில் கோடு அப்போது வளைந்துதான் இருந்தது, அதுவும் நியாயமான காரணத்துக்காக. நேராகப் போனால் அக்கா வீட்டை ஒட்டித் தெற்கே தாழ்வான நிலம் குறுக்கே வரும். மழைக்குத் தண்ணீர் கட்டும். வாயு நிரம்பிய குழாய்க்குக் கனம் போதாது. ஈர மண்ணில் புதைத்தால் மேலே மிதந்து வரப் பார்க்கும். அதனால் வடக்கே இருந்த கெட்டித் தரிசில் கோட்டைத் திருப்பியிருந்தார். அங்கே அக்கா இல்லாமல் அடுத்த நாட்டு ராஜா இருந்திருந்தாலும் அப்படித்தான் திருப்பியிருப்பார்.

வாராந்திரக் கூட்டத்தில் வரைபடத்தை நீள மேசையில் விரித்தார்கள். அந்த வளைவு ஏன் என்று இயக்குநர் கேட்டார். இவர் தண்ணீர் கதையைச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். அத்தோடு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எல்லாம் சுபம். ஆனால் நேர்மை என்று ஒரு வியாதி இருக்கிறதே, அது சிலரை உட்கார விடாது. “இன்னொண்ணும் சொல்லிடறேன் சார். நேர்க்கோட்டுல போனா எங்க அக்கா வீடு இடிபடும்” என்றார்.

மேசையைச் சுற்றி எல்லோரும் இயக்குநரைப் பார்த்தார்கள்.

“நல்லவேளை சொன்னீங்க” என்றார் இயக்குநர். குரலில் நிஜமான அன்பு இருந்தது, அதுதான் கொடுமை. “நீங்க தப்பா போட்டீங்கன்னு நான் சொல்லலை. ஆனா நாளைக்கு யாராவது தோண்டித் துருவினா? வளைவுக்காரர் அக்காவுக்காக வளைச்சார்னுதான் பேசுவாங்க. ஈர மண்ணுக்குச் சிமெண்ட் எடைக்கட்டி போட்டுக்கலாம். நேராவே போகட்டும்.”

அந்தப் பகுதி இவர் கையை விட்டுப் போனது. வாங்கிக்கொண்டவள் ஸ்கேல் என்று எல்லோரும் கூப்பிடும் இளம் பொறியாளர். கெட்டவள் இல்லை. வெளியே வந்ததும் நடைவழியில் இவரை நிறுத்தி, “சார், எனக்கும் வடக்குதான் சரின்னு படுது. ஆனா இப்ப நான் திருப்பினா உங்களுக்காகத் திருப்பினேன்னு ஆயிடும்” என்றாள். கண் கலங்கியிருந்தது. இவர்தான் அவளைத் தேற்ற வேண்டியிருந்தது.

இனி பாதையைப் பற்றி அக்காவிடம் வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவு. சொந்தக்காரர் வீடு பாதையில் வந்தால் அதுதான் விதி. இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் நெருங்கவும் பொறுக்க முடியாமல், தெருமுனைக்குப் போய் ஒரு மரத்தடியில் நின்று போன் செய்தார்.

“அக்கா, நல்லா கேட்டுக்கோ. கோடு இப்ப என் கையில இல்லை. உன் தையல் கூடம் வழியாத்தான் போகுது. என்னால ஒண்ணும் பண்ண முடியாது. நீ மனு குடு. கூட்டத்துல எழுந்து பேசு.”

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “பக்கத்துல ஆள் நிக்கிறாங்களாடா?”

“யாரும் இல்லைக்கா! நான் நிஜமா சொல்றேன்.”

“சரி சரி, புரிஞ்சுது. ஆபீஸ்ல போனெல்லாம் ஒட்டுக் கேட்பாங்களாமே. நீ இனிமே பேசாதே. உனக்கு ஒரு கெட்ட பேர் வரக் கூடாது.” சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். மறுபடி அடித்தார். எடுக்கவில்லை. நேரில் போனால் கதவைத் திறந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, “இப்ப ஏன்டா வந்தே? யாராவது பார்த்தா உன் வேலை என்ன ஆகும்?” என்று உள்ளேகூட விடாமல் அனுப்பிவிட்டாள்.

கூட்டம் பள்ளிக்கூட அரங்கில் நடந்தது. கப்பல், முனையம், குளிரூட்டிய தொட்டிகள் பற்றி விளக்க இவரை மேடையில் ஏற்றியிருந்தார்கள். அவ்வளவுதான் அனுமதி. அக்கா முன் வரிசையில் புதுப் புடவையில் உட்கார்ந்திருந்தாள், தம்பி மேடையில் பேசுவதைப் பார்க்க வந்தவள்போல. கையில் மனு இல்லை. இவர் முனையத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அவள் கண்ணை அழுத்தி மூடித் திறந்தாள், எனக்கெல்லாம் தெரியும் என்று.

அக்கா தெருவில் கொட்டகை வைத்திருந்த மெக்கானிக் எழுந்தார். தன் கொட்டகையைப் பற்றி அழாத குறையாகப் பேசினார். மருந்துக்கடைக்காரர் எழுந்தார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். “வேற யாராவது இருக்கீங்களா?” என்று அதிகாரி மூன்று முறை கேட்டார். அக்கா பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ பெருமையாகக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள். கூட்டம் முடிந்ததும் ஆட்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் விலக்கிக்கொண்டு வருவதற்குள் அவள் போய்விட்டாள்.

மெக்கானிக் மனு வேலை செய்தது. கோடு அவர் கொட்டகையை விட்டுச் சற்று விலகியது. விலகிய கோடு அக்காவின் கூடத்தை இன்னும் நன்றாகக் கவ்விக்கொண்டது. மனு கொடுக்கும் நேரமும் முடிந்திருந்தது, அதற்குமேல் அதை அசைக்க எந்த விதியும் இல்லை.

கோட்டைத் தரையில் குறிக்க முளை அடிக்க ஆள் வந்த அன்று காலையில் அக்கா அவளாகவே போன் செய்தாள். “வந்திருக்காங்கடா. வழி தெரியாம வந்துட்டாங்க போல. நீ வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ.”

அவர் போனபோது கொல்லையில் சர்வேயர் கருவியோடு நின்றிருந்தார். இவரைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். சிவப்பு முனை வைத்த முளைகள் வேலியிலிருந்து வரிசையாக வந்து, துணி காயும் கயிற்றுக்குக் கீழே ஒன்று, கூடத்தின் வாசற்படியை ஒட்டி ஒன்று. உள்ளே மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டு பெண்களும் ஜன்னல் வழியே இவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

“நான் சொல்லல, தம்பி வருவான்னு?” என்று அக்கா சர்வேயரிடம் சொன்னாள். பிறகு இவர் பக்கம் திரும்பி, “சொல்லுடா. வெயில்ல நிக்கிறாங்க பாவம்” என்றாள்.

அவர் தரையைப் பார்த்தார். கயிற்றுக்குக் கீழே இருந்த முளை இளகிய மண்ணில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. வாழ்நாளெல்லாம் பழகிய உடம்பு. அவரைக் கேட்காமலே குனிந்தது. முளையை நிமிர்த்திப் பிடித்து, அடுத்த முளையோடு ஒரு கண்ணை மூடி நேர் பார்த்து, சுற்றிலும் மண்ணைக் காலால் மிதித்து இறுக்கிவிட்டது.

நிமிர்ந்தபோதுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது.

அக்கா முளையைப் பார்த்தாள். அவர் செருப்பில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தாள்.

“அன்னைக்கு போன்ல சொன்னியே,” என்றாள் மெதுவாக. “நிஜமாவே சொன்னியாடா?”

“நிஜமாத்தான்க்கா.”

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருக்கலாம். கயிற்றின் அந்தக் கடைசிக்குப் போய், இன்னும் ஈரம் காயாத சீருடைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள்.