புகைக்குள் நாற்பது நொடி

"மச்சான், ஒன் ஆளுக்குச் சோறு போடுறியா இல்லியாடா? ஆமை மாதிரி நடக்குறான்!"

கம்ப்யூட்டரைப் பார்த்து டோனி கத்தியபோது அன்பரசு விழுந்து விழுந்து சிரித்தான். சிதம்பரத்தில் எம்.சி.ஏ. கடைசி வருஷம் அவனுக்கு. புராஜெக்டுக்காக ஒரு கேம் எழுதிக்கொண்டிருந்தான். விஷப்புகை நிறைந்த சுரங்கத்தின் கடைசி அறையில் ஒருவன் மயங்கிக் கிடப்பான். நாற்பது நொடிக்குள் வீரன் போய்க் காப்பாற்ற வேண்டும். கவசம் போட்டால் புகை ஒன்றும் செய்யாது. ஆனால் கனத்தில் நடை தளர்ந்துவிடும். கழற்றினால் ஓடலாம், புகை உயிரைக் குடித்துவிடும். வீரனுக்கு எவ்வளவு பலம் கொடுத்தால் கவசத்துக்கு ஈடாகும் என்று மூன்று மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தான்.

ஆடிப் பார்த்துக் குறை சொல்வது டோனியின் வேலை. கடலூர் முதுநகர்க்காரன், பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். ஞாயிறு பூசை முடிந்ததும் சிதம்பரம் பஸ் ஏறிவிடுவான். கவசத்தின் கனம்கூட அவன் வர்ணித்த கம்பெனி ரப்பர் சூட்டை வைத்துப் போட்டதுதான்.

"கவசத்தக் கழட்டிப்புட்டு அனுப்புடா."

"செத்துடுவான்டா."

"நான் செத்தனா? நாலு பேருக்கு ஒரே சூட்டு, ஒரே முகமூடி. அதையும் மாட்டுனா வேர்வையில கண்ணாடி மறைச்சிக்கும். நான் தொடுறதே இல்ல. மூச்ச அடக்கிக்கினு பூந்து வால்வ மூடிட்டு ஓடியாந்துடுவேன்." தோளைத் தட்டிக் காட்டினான். "மாதா சப்பரம் தூக்குற தோளுடா. பலம் ஜாஸ்தியா இருந்தா புகை என்னா பண்ணும்?"

ஜெயிக்கவே முடியாத கேமோடு வாய்மொழித் தேர்வான வைவாவுக்கு வராதே என்று புராஜெக்ட் கைடு மேடம் வேறு கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அன்பரசு ஒரு வரி சேர்த்தான். பலம் எண்பதைத் தாண்டினால், கவசம் இல்லாதவனையும் புகை ஒன்றும் செய்யாது.

அடுத்த ஞாயிறு, வீரனுக்குத் தன் பெயரையே வைத்து, வெறும் மார்போடு உள்ளே அனுப்பினான் டோனி. முப்பத்தொரு நொடியில் வெற்றி! "நான் சொல்லல?" என்று அன்பரசை அலாக்காகத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான்.

அதற்குப் பதினோராம் நாள், கம்பெனித் தொட்டிக்குள் சாமிக்கண்ணு என்ற வயதான தொழிலாளி விஷப்புகையில் மயங்கி விழுந்தார். சூட் அடுத்த ஷெட்டில் கிடந்தது. டோனி அதற்குக் காத்திருக்கவில்லை. இறங்கி, சாமிக்கண்ணுவைத் தூக்கி மேலே தள்ளிவிட்டான். அவனால் ஏற முடியவில்லை. உடலைத்தான் எடுத்தார்கள்.

கேம் எழுதுவதற்கு முன்பே டோனி முகமூடி தொடாதவன்தான். அன்பரசுக்கு அது தெரியும். ஆனாலும் தான் சேர்த்த அந்த ஒரு வரி அவனை விடவில்லை. வைவாவுக்கு நான்கே நாள் இருந்தும் அவன் கம்ப்யூட்டர் பக்கம் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டோனியின் தங்கை ஜூலி வந்து நின்றாள். துணைக்கு வந்த சாமிக்கண்ணு வாசற்படியோடு நின்றுகொண்டார்.

"அவன் ஏதோ ஜெயிச்சேன்னு வீடு பூரா சொல்லிக்கினு திரிஞ்சானேண்ணே. அதக் காட்டு."

காட்டினான். வெறும் மார்போடு ஓடி ஜெயித்தது அந்த உருவம்.

"இது பொய் ஜூலி. அவன் ஜெயிக்கட்டும்னு நான்தான் எழுதிச் சேத்தேன்."

"அப்ப அந்த வரிய அழி."

அழித்தான். மறுபடி ஓடவிட்டான். ஒன்பதாவது நொடியில் திரையில் டோனி விழுந்தான். ஜூலி திரையைத் தொட்டாள். "கவசம் போட்டு அனுப்புண்ணே."

பலத்தை நூறாக்கி அனுப்பினான். டோனி தளர்ந்து தளர்ந்து நடந்தான். கடைசி அறையை எட்டியபோது நாற்பத்தாறு நொடி. உள்ளே கிடந்தவன் இறந்திருந்தான்.

"டோனி?"

"உசுரோட இருக்கான்."

"அது போதும்ணே. இப்படியே உட்டுடு. உள்ள கெடந்தவன் போனா..." வாசலில் நிற்பவரின் நினைவு வந்து துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சொல்லும்மா. நானும் தெனம் அதத்தான் மாதாகிட்ட கேக்குறேன்" என்றார் சாமிக்கண்ணு. மெல்ல உள்ளே வந்து திரையை உற்றுப் பார்த்தார். "ஏன் தம்பி, அவன் பலத்தையே ஏத்திக்கினு இருக்கியே, அந்தக் கவசத்தோட கனத்தக் கொறைக்க முடியாதா?"

அன்பரசு கவசத்தின் கனத்தைக் குறிக்கும் எண்ணைத் தேடி எடுத்தான். மூன்று மாதத்தில் அந்த எண்ணை அவன் தொட்டதே இல்லை. சூட் என்றால் கனக்கத்தானே செய்யும் என்று டோனி சொன்னான், அவனும் நம்பினான்.

"முடியும்..." என்றான். "ஒரு நம்பர மாத்தணும். அவ்ளோதான்."

மாற்றினான். முப்பத்தெட்டாவது நொடியில், கவசம் அணிந்த டோனி அந்த மனிதனைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான்.

"கனம் கொறஞ்ச ஒரு சூட்டு... அவ்ளோதானா?" என்று கேட்டார் சாமிக்கண்ணு. டோனியின் அடக்கம் நடந்த அன்றுகூட அழாத மனிதர், அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தில் அறைந்துகொண்டு அழத் தொடங்கினார்.